கயல்விழியின் சுறாவுக்கு வந்த பூஞ்சை

மீன் நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொன்னார்கள். மைக்கைக் கண்டால் எனக்குப் பேச வராது, எழுதித் தருகிறேன் என்றேன். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: தொட்டியில் வளரும் சுறாக்களுக்கு வரும் பூஞ்சை நோயைக் கண்டறிவது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வேலைக் காலம் முழுக்க நான் பார்த்தது மனிதர்களுக்கு வரும் பூஞ்சை. சுறா என் வாழ்க்கையில் ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. வந்தது போகவும் இல்லை.

எப்படிக் கண்டறிவது என்பது உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. எங்கே சுரண்டுவது, எதில் ஊறவைப்பது, எந்தச் சூட்டில் வளர்ப்பது எல்லாம் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். அதையே நானும் எழுதினால் இரண்டாம் பக்கத்தில் நீங்கள் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவீர்கள். உங்களைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் ஒரே பதிலுக்காக உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. எனக்கு அதுதான் கொஞ்சம் தெரியும்.

நான் பாகூரில் இருக்கிறேன். இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பூஞ்சைப் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் நோயாளிகள் பெரும்பாலும் கழனியிலிருந்து நேராக வருகிறவர்கள். கரும்புத் தோகை கண்ணில் அறைந்தவர்கள், களத்தில் நெல் உமி கண்ணில் விழுந்தவர்கள். ஃபியூசேரியம் என்று ஒரு பூஞ்சை. கரும்பிலும் நெல்லிலும் மண்ணிலும் இருப்பது, தோகையோடு கண்ணுக்குள் போய்விடும். மைக்ராஸ்கோப்பில் அதன் வித்துகள் பிஞ்சு வாழைக்காய் மாதிரி வளைந்து அழகாகவே இருக்கும். கண்ணைத் தின்றுவிடும் அழகு.

எங்கள் அறையில் நீள மேசை ஒன்று. இந்தப் பக்கம் நான், எதிர்ப்பக்கம் ஒருவர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. புதுச்சேரி டவுனில் சொல்தா வீட்டுப் பிள்ளை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த குடும்பங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். எங்கள் இருவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. யார் பூஞ்சை வளர்த்த கண்ணாடி பிளேட்டாக இருந்தாலும் இரண்டு பேரும் பார்க்க வேண்டும். நான் பார்த்து, நோய்தான் என்று முடிவு செய்தால் அவர் பக்கம் தள்ளுவேன். அவருக்கும் சரி என்று பட்டால் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். இல்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமல் என் பக்கம் திருப்பித் தள்ளிவிடுவார். அதன் பிறகு சண்டை தொடங்கும்.

ஒரு சண்டையைச் சொல்கிறேன். கரும்பு வெட்டு நடக்கும் காலம். குருவிநத்தத்திலிருந்து ஒரு அம்மா, ஒரு கண் சிவந்து வீங்கி, பார்வையே மங்கிப்போய் வந்தார். பிளேட்டில் வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை. நான் உடனே தள்ளினேன். அது அதே வேகத்தில் திரும்பி வந்தது.

"கோட்டுல வளந்துச்சா, கோட்டுக்கு வெளிய வளந்துச்சா, பாருங்க மேடம்" என்றார்.

நோயாளியிடமிருந்து எடுத்ததை பிளேட்டின் மேல் கோடாக இழுப்போம் இல்லையா, அந்தக் கோட்டின் மேலேயே வளர்ந்தால் அது நோயாளியினுடையது. கோட்டை விட்டுத் தள்ளி வளர்ந்தால் காற்றில் வந்து விழுந்தது. வெட்டுக் காலத்தில் எங்கள் காற்று முழுக்க அந்தப் பூஞ்சைதான். அந்த அம்மாவின் பிளேட்டில் பஞ்சு கோட்டைத் தொடவே இல்லை.

"காத்துக்கு வைத்தியம் பண்ணப் போறீங்களா? கவர்மெண்டே பண்ணல" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி எடுத்துப் பார்த்ததில், கண்ணில் இருந்தது பூஞ்சையே இல்லை, வேறு கிருமி. அதற்கான மருந்து போட்டுக் கண் தெளிந்தது. அன்றிலிருந்து கோட்டுக்கு வெளியே வளர்ந்ததை நான் நம்புவதில்லை. இந்த விதியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு இதே விதி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், குடியுரிமையும் இருந்தது. கடைசி நாளில் எல்லாருக்கும் கேக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது "இனிமே உங்கள யாரு தடுப்பாங்க?" என்றார். கண்ணை விரிக்காதீர்கள், இது காதல் கதை இல்லை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து, எதிரே உட்கார்ந்து முகம் சுளித்த அந்த ஒரு மனிதர். அவர் போன பிறகு அந்த மேசையில் பிளேட்டைத் தள்ளினால் அது தள்ளிய இடத்திலேயே கிடந்தது. அவர் இப்போதும் அவ்வப்போது பனி கொட்டும் தெருவைப் படம் எடுத்து அனுப்புகிறார். நான் பதிலுக்கு பாகூர் ஏரியைப் படம் எடுத்து அனுப்புகிறேன். இரண்டு பேருமே அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்வதில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்துச் சலித்திருந்த நேரத்தில்தான் மணப்பட்டிலிருந்து போன் வந்தது. கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கடல் உயிரினக் காட்சியகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் கூட்டிவந்து காட்டும் சின்ன இடம். அங்கே மூங்கில் சுறாக்கள் நான்கு. சுறா என்றதும் படகைக் கவிழ்ப்பதை நினைக்காதீர்கள். முழங்கை நீளத்தைக் கொஞ்சம் தாண்டும், மணலில் படுத்துக் கிடக்கும், நம் கடலிலேயே இருப்பது. மூன்று தொட்டியிலேயே முட்டையிலிருந்து வந்தவை. நான்காவது கடலிலிருந்து வந்தது. அதன் நெற்றியில் புண். கால்நடை மருத்துவர் மருந்து கொடுத்திருக்கிறார், முக்கால்வாசி ஆறிவிட்டது, கடலில் விடப் போகிறோம். விடுவதற்கு முன்னால் பூஞ்சை ஏதும் இல்லை என்று ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும் என்றார் மேனேஜர். அவர் ஏற்கனவே பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் சொல்லிவிட்டிருந்தார்.

சுறாக்களைப் பார்த்துக்கொள்வது கயல்விழி. மணப்பட்டு மீனவக் குடும்பத்துப் பெண், விலங்கியல் படித்தவள், முப்பதைத் தாண்டியிருக்கும். நான் போனபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்த நான்காவது சுறாவுக்குக் கையால் இறால் ஊட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் கையை விட்டேன், குளிர்ந்து கிடந்தது. வெளிநாட்டுக் கையேட்டைப் பார்த்து ஏசி மெஷின் மாதிரி ஒன்றை வைத்துத் தொட்டியைக் குளிர்விக்கிறார்களாம்.

"எப்ப விடப்போறீங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

"நீங்க இன்னிக்கி ஓகே சொன்னா, நாளைக்கே விட்டுருவேன் மேடம்" என்றாள். சொன்ன விதத்தில் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

அன்றைக்கு டீ குடிக்கும்போது விஷயம் வெளியே வந்தது. அவள் கணவன் வேலு. கடன் உடன் வாங்கி, ஆசை ஆசையாகப் புது வலை போட்டிருக்கிறான். அந்த வலையில் முதலில் உயிரோடு வந்தது இந்தச் சுறா.

"எங்க வூட்டு வழக்கம் ஒண்ணு கீது மேடம். புது வலையில உசுரோட வர்ற மொத மீன கடலுக்கே குடுத்துடணும். குடுக்காம அந்த வலைய மறுபடி தண்ணியில எறக்கக் கூடாது. இது நெத்தியில வலை நரம்பு அறுத்து ரத்தமா வந்துச்சி. அப்டியே வுட்டா செத்துரும், செத்தா குடுத்ததா ஆவாதுன்னு எங்கிட்ட கொண்டாந்து குடுத்தாரு. ஆறினதும் வுட்டுரலாம்னு."

ஆறவில்லை. ஆறுவது மாதிரி இருக்கும், மறுபடி வீங்கும். வலை வீட்டில் தொங்கியது. வேலு கொஞ்ச காலம் மற்றவர்கள் படகில் கூலிக்குப் போனான். சொந்த வலையை வீட்டில் வைத்துக்கொண்டு அடுத்தவன் வலையை இழுப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஏஜென்ட் சொல்லி, பஹ்ரைனில் மீன்பிடிப் படகுக்குப் போய்விட்டான். போகும்போது சொன்னது ஒன்றுதான். மீன் கடலுக்குப் போன அன்று போன் போடு, நான் கிளம்பி வருகிறேன், வலையை இறக்குவோம்.

"வேற மீனு ஒண்ணப் புடிச்சி வுட்டா ஆவாதா?" என்று கேட்டேன்.

"மொத மீனுன்னா மொத மீனுதான மேடம். ரெண்டாவது மீன மொத மீனுன்னு கடலுகிட்ட சொல்ல முடியுமா?"

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நானும் ஒரு பிளேட்டை இரண்டு பேர் பார்க்காமல் முடிவு சொல்லமாட்டேன் என்று காலம் முழுக்கப் பிடிவாதம் பிடித்தவள்தானே. வழக்கம் என்றால் அப்படித்தான். வாரா வாரம் அவன் போன் போடும்போது முதல் கேள்வியே "வுட்டாச்சா?" என்பதுதானாம். சாப்பிட்டாயா என்பது அதற்குப் பிறகுதானாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், ஆனால் டீயை முழுக்கக் குடிக்கவில்லை.

சுறாவை மல்லாக்கத் திருப்பினால் அது மயங்கினதைப் போல அசையாமல் கிடக்கும். கயல் அப்படித் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். நான் புண்ணிலிருந்து துடைத்து எடுத்தேன். தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. மறுபடி நேராகத் திருப்பும்போது அவள் விரல் அதன் மூக்குக்கு மேலே அழுந்தியது. புண்ணைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, தோலில் இருந்த சின்னத் துளையிலிருந்து கடுகளவு வெள்ளையாக ஒரு துளி வந்தது. தண்ணீர் பட்டதும் கரைந்துவிட்டது. சளி என்றாள் அவள். மீனுக்கு உடம்பெல்லாம் சளிதான். இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்சியகத்தின் பின்னறையில் ஒரு மைக்ராஸ்கோப்பும் மேசையும் இரண்டு நாற்காலிகளும் இருந்தன. துடைத்து எடுத்ததை ஊறவைத்துப் பார்த்ததில் பூஞ்சை இழை ஒன்றும் இல்லை. கோட்டு விதியைக் கயலுக்கும் சொல்லிக் கொடுத்தேன். பிளேட் வளர்வதற்குச் சில நாள் காத்திருந்தோம். அந்த நாட்களில் கயல் தினமும் என்னை போனில் கூப்பிட்டு நலம் விசாரித்தாள். பிளேட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். என் மூட்டுவலியைப் பற்றி அவ்வளவு அக்கறையாக என் பிள்ளைகள்கூடக் கேட்டதில்லை.

முடிவு பார்க்கும் நாளில் பின்னறை வாசலில் மேனேஜர் நிற்கிறார், பந்தல்காரர் நிற்கிறார், கயல் நிற்கிறாள். மூடியைத் திறந்தேன். கோட்டின் மேல் ஒன்றுமே இல்லை. பிளேட்டின் ஓரத்தில், கோட்டுக்கு வெகு தூரத்தில், ஒரே ஒரு வெள்ளைப் பஞ்சு. கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், பழைய பிஞ்சு வாழைக்காய்தான். வெளியே கரும்பு லாரி போய்க்கொண்டிருந்தது.

அதாவது என் விதிப்படி அது காற்று. சுறா சுத்தம். ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்குச் சுறா கடலுக்கு, வலை தண்ணீருக்கு, வேலு வீட்டுக்கு. சொல்வதற்கு வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். திறந்த வாயோடு பிளேட்டை எதிர்ப்பக்கம் தள்ளினேன். கை பழக்கம். அது எதிர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றது. அங்கே யாரும் இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு அந்த மனிதரின் நினைப்பு வந்த வேகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? படம் எடுத்து அனுப்பலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அனுப்பியிருந்தால் பதில் போட்டிருப்பார். ஆனால் படம் பார்த்துப் பதில் போடுகிறவரா எனக்கு வேண்டும்? அந்த நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டைப் பிதுக்கி, பிளேட்டை ஒரு விரலால் திருப்பித் தள்ளுகிறவர் வேண்டும். போனை வைத்துவிட்டேன்.

"கொஞ்ச நேரம் எல்லாரும் வெளிய இருங்க" என்றேன். எழுந்து சுற்றிப் போய் எதிர் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.

சிரிக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு நாள் எதிரே ஆள் இருக்காது. அன்றைக்கு எழுந்து போய் அந்தப் பக்கம் உட்காருங்கள். மேசை அதே மேசைதான், ஆனால் அங்கிருந்து பார்த்தால் உங்கள் வேலை அடுத்தவர் வேலையாகிவிடும். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்க நம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கே உட்கார்ந்ததும் அவர் குரல் எனக்குக் கேட்டது. பேய் பிசாசு கதை இல்லை, அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். கோட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. "இத்த எங்கேந்து எடுத்தீங்க மேடம்?" என்றார். புண்ணிலிருந்து. "புண்ணுலதான் தெனமும் மருந்து தடவிக்கினு இருக்காங்களே. கை எட்டுற எடத்துல தொட்டுட்டு வந்துட்டீங்களா?"

அந்தக் கடுகளவு வெள்ளைத் துளி அப்போதுதான் மனதில் திரும்ப வந்தது. புண்ணிலிருந்து வரவில்லை அது. சுறாவின் தலையில் தோலுக்கு அடியில் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. பக்கத்தில் தண்ணீர் அசைவதை அவற்றை வைத்துத்தான் அது அறிகிறது. துளி வந்தது அந்தக் குழாய் ஒன்றின் வாயிலிருந்து. நோய் உள்ளே இருந்தால் வெளியே துடைத்து என்ன பயன்? என் விதி பொய்யில்லை, அந்தப் பஞ்சு காற்றில் வந்ததுதான். ஆனால் அந்த பிளேட் சுறாவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. நோய் இருக்கும் இடத்தைத் தொடாத பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால், அந்த 'இல்லை'யை நம்பி ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள்.

வெளியே வந்து, "இன்னொரு தடவ எடுக்கணும். துளைக்குள்ள ஊசி விட்டு எடுக்கணும்" என்றேன்.

மேனேஜர் பந்தல்காரரைப் பார்த்தார். கயல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

"ஒண்ணும் இல்லன்னுதான வந்துச்சி? நானே வாசல்லேந்து பாத்தனே மேடம். கோட்டுல ஒண்ணும் இல்ல. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, கோட்டுல இல்லன்னா இல்லன்னு."

"சொன்னேன்."

"அப்ப இன்னாத்துக்கு அதும் மண்டையில குத்தணும்? இருக்குதுன்னு வர்ற வரைக்கும் குத்திக்கினே இருப்பீங்களா?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இருக்கிறது என்று வரும்வரை தேடுவது ஒரு வகை வெறி. நம் தொழிலில் அந்த வெறி பிடித்தவர்கள் உண்டு. அதனால் அவளிடம் ஒரு வாக்கு கொடுத்தேன். "இந்த ஒரு தடவதான். உள்ளேந்து எடுக்கறேன். அதுலயும் இல்லன்னா நானே கடல்ல எறங்கி உன்னோட சேந்து விடறேன்." அவளே போய்ச் சுறாவை மல்லாக்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மட்டும் வேறு பக்கம் வைத்திருந்தாள்.

இந்த முறை காத்திருந்த நாட்களில் என் மூட்டுவலியை யாரும் விசாரிக்கவில்லை.

பிளேட்டைத் திறந்தபோது கோட்டின் முழு நீளத்துக்கும், யாரோ அளவெடுத்துத் தைத்தாற்போல, வெள்ளைப் பஞ்சு. ஊறவைத்துப் பார்த்ததிலும் இழைகள் பின்னிக் கிடந்தன. கண்டுபிடித்துவிட்டோம் என்றால் நமக்கு ஒரு குறுகுறுப்பு வரும், உங்களுக்கும் வரும், வெட்கப்பட வேண்டாம். எனக்கும் வந்தது. மறு நிமிடம் உள்ளே வந்த கயலின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

மற்ற மூன்றையும் பார்த்தோம். இரண்டில் இப்போதுதான் தொடங்கியிருந்தது, ஒன்றில் இல்லவே இல்லை. வெதுவெதுப்பான நம் கடலுக்குப் பழகிய பிராணியைக் குளிர் தண்ணீரில் போட்டு வைத்தால் அதன் உடம்பு சோர்ந்துபோகும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். குளிர்விக்கும் மெஷினை நிறுத்தச் சொன்னேன். கால்நடை மருத்துவர் மருந்தை மாற்றினார், கண் நோயாளிகளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்த அதே குடும்பத்து மருந்து. மூன்றும் பிழைத்தன. அன்றைக்கு நான் 'சுத்தம்' என்று சொல்லியிருந்தால் அவற்றை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான்காவதும் பிழைத்தது. ஆனால் தலைக்குழாய்கள் பெரும்பாலும் தின்னப்பட்டுவிட்டன. கடலுக்குப் போனால் இரை பக்கத்தில் வந்தாலும் அதற்குத் தெரியாது. கையால் ஊட்ட அங்கே கயல் இருக்கமாட்டாள். மருந்து பூஞ்சையை அடக்கி வைக்கும், அடியோடு போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தன் கூட்டத்துக்குள் அது எதைக் கொண்டுபோகும் என்றும் தெரியாது. இனி அது தொட்டியில்தான். இதை மருத்துவரும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம். மேனேஜர் பந்தலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கயலிடம் நான் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எப்பவுமேவா மேடம்?"

"எப்பவுமே."

தலையை ஆட்டிவிட்டு இறால் உரிக்கப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் சுறாவைப் பார்க்கப் போயிருந்தேன். பஹ்ரைனில் அவர்களுக்கு வெள்ளிதான் லீவு. கயலின் போன் அடித்தது. திரையில் வேலுவின் முகம். அவள் அதை எடுக்காமல் என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்க மேடம். எனக்கு வாயி வரல." அவள் பம்ப் ரூம் பக்கம் போய்விட்டாள். மோட்டார் சத்தத்தில் அங்கே எதுவும் காதில் விழாது. அதற்காகத்தான் போனாள்.

அதுவரை நான் அவனைப் பார்த்ததில்லை. வெயிலில் கறுத்த முகம், பின்னால் அடுக்குக் கட்டில்கள், கொடியில் துணிகள்.

"வணக்கம் மேடம். கயலு சொல்லிக்கினே இருக்கும் உங்களப் பத்தி. இன்னா, வுட்டாச்சா?"

ஆஸ்பத்திரியில் நாங்கள் முடிவை எழுதி அனுப்பிவிடுவோம். நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது டாக்டர்கள் வேலை. அந்த வயதில் முதல் முறையாக நான் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நோய் என்ன, எங்கே இருக்கிறது, ஏன் விட முடியாது என்று, எதையும் குறைக்காமல், எதையும் மெழுகாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, "என் பேச்ச நம்பலன்னா வேற யார்கிட்டயாவது காட்டலாம்பா" என்றும் சொன்னேன்.

"அத்தக் கொஞ்சம் காட்டுங்க மேடம்" என்றான்.

போனைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன். சுறா மணலில் படுத்திருந்தது. கன்னம் மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. அவன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அறையில் ஃபேன் சுற்றும் சத்தமும், யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தமும் கேட்டன. என் கை வலித்தது, மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"எளச்சிப் போச்சி" என்றான். "துன்னுதா?"

"கயல் கையால குடுத்தா துன்னுது."

"வேற யாருனா குடுத்தா?"

"திரும்பிக்குது."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்ப இது இனிமே எங்கியும் போவப் போறதில்ல."

"இல்லப்பா."

"நானும் இது போனாத்தான் வருவேன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துக்கினு கீறேன்." பின்னால் இருந்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். "அங்க ஒண்ணு மாட்டிக்கினு கெடக்குது, இங்க ஒண்ணு மாட்டிக்கினு கெடக்குது. ரெண்டுல ஒண்ணாவது கெளம்பட்டும் மேடம். இந்த மாசத்தோட கணக்க முடிச்சிக்கறேன்."

"அந்த வலை?" கேட்டிருக்க வேண்டாம், வாயில் வந்துவிட்டது.

"வலை கெடக்குது வுடுங்க. கடலுகிட்ட நான் பேசிக்கறேன்."

போனை வைத்துவிட்டான். அவளிடம் பேச வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. பேசினால் உடைந்துவிடுவோம் என்று பயந்திருப்பான். நான் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடிக்கு முன்னாலேயே நின்றேன். கிளம்ப முடிகிறவர்கள் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாரை நினைத்துத் தோன்றியது என்று உங்களுக்குத் தெரியும்.

பம்ப் ரூமுக்குப் போனேன். கயல் மோட்டாரைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினாள். திடீரென்று ஒரே அமைதி.

"இன்னா சொன்னாரு?"

"கெளம்பறாராம்."

"எங்க?" அவளுக்கு உதடு கோணியது. இன்னும் தூரமாக எங்கேயோ போகப்போகிறான் என்று நினைத்துவிட்டாள்.

"வூட்டுக்குத்தாண்டி" என்றேன்.